ஓர் எழுத்தும் இரண்டு பிள்ளைகளும்

அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காக மடித்து, பழைய வரவு இடாப்பு ஒன்றுக்குள் வைத்திருக்கிறேன். அதில் பதினொரு வரிகள். பத்தாவது வரியில் பொசுபரசு 5.9 என்று ஓர் எண். பக்கத்தில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து. உயர்வு என்பதன் சுருக்கம். அதற்கடுத்து, சாதாரண அளவு 2.5 முதல் 4.5 வரை என்று அச்சாகியிருக்கிறது. மேலே என் இளைய மகளின் பெயர், வயது நான்கு.

அந்த ஓர் எழுத்தை நம்பிப் பெற்ற பிள்ளைக்குப் பத்தொன்பது நாள் பாலை மறித்தவன் நான். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். படித்தவன் செய்த பிழை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. படிக்காத வாப்பா ஒருவர் அந்தக் கடதாசியைக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டிக் கேட்டிருப்பார். நான் யாரிடமும் கேட்கவில்லை.

மகளின் கதைக்கு முன்னால் என் வகுப்புப் பையன் ஒருவனின் கதையைச் சொல்ல வேண்டும். அவன் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பயம் வந்திராது.

ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது அவன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் உயரத்தில் இருந்தான். மூன்றாம் பாடத்தில் மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். பாடத்துக்கு இரண்டு தடவை வெளியே போகக் கேட்பான். சோம்பேறி என்று முடிவு கட்டினேன். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் வாங்கில் ஏற்றி நிறுத்தினேன். அவன் அழவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றான்.

அடுத்த கிழமை அவனது உம்மா வந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தார்.

“சேர், புள்ளைக்கு கிட்னி ரெண்டும் சுருங்கிப் போச்சாம். பொறக்கைக்குள்ளயே மூத்திரம் போற வழியில ஒரு தடுப்பு இருந்திரிக்கி. எங்களுக்குத் தெரியா. பிந்தித்தான் புடிச்ச. பேராதனைக்குக் கொண்டு போறம், வாறம். அவன நிக்க மட்டும் வைக்காதீங்க சேர், கால் நோகுது எண்டு ராவைக்கு அழுறான்.”

வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லும் குரலிலும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் குறைபாடு அது. சிறுநீர் வழியில் மெல்லிய சவ்வொன்று கதவுபோலக் குறுக்கே நிற்கும். சிறுநீர் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சிறுநீரகங்கள் கருவிலேயே கெட ஆரம்பிக்கும். பிறகு சத்திரசிகிச்சை செய்து சவ்வை நீக்கினாலும், கெட்டது திரும்பி வராது. பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட சிறுநீரக நோயில் ஏறத்தாழ அரைவாசி இப்படிப் பிறவியிலேயே வந்த கோளாறுகள்தாம்.

இதை ஊரில் யாரும் நம்பவில்லை. கிட்னி என்றால் நம் பக்கத்தில் ஒரே எண்ணம்தான். 1990களில் பதவியாவிலும் மதவாச்சியிலும் விவசாயிகளைக் கொல்லத் தொடங்கிய அந்த நோய், நமது மாவட்டத்தின் எல்லையிலுள்ள பதவிசிறிபுரவையும் விடவில்லை. கிணற்றுத் தண்ணீர், பசளை, கிருமிநாசினி என்று பல காரணங்கள் பேசப்பட்டன. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது அரசு சொன்ன காரணங்களில் அந்த நோயும் ஒன்று. அதே வருடம் நவம்பரில் தடை நீங்கியது. நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அது பெரும்பாலும் வளர்ந்தவர்களை, வயலில் வேலை செய்பவர்களைப் பிடிக்கும் நோய். என் மாணவனுடையது வேறு.

அவனது வாப்பாவுக்கு அந்த வேறுபாடு விளங்கவில்லை. தம்பலகாமத்து வயல்களில் கூலிக்குப் பசளை எறிபவர் அவர். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சேர், டொக்டர் புள்ளட ரத்தத்துல பொசுபரசு கூடிப் போச்சு எண்டாரு. நாங்க எறியிற ரீ.எஸ்.பி.யிலயும் அதுதானே ஈக்கி. என்ட கையிலயும் உடுப்புலயும் வந்ததா சேர் புள்ளக்கிட்ட போனது?”

எத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாரோ. வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்தியிருந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

பொசுபரசு எல்லா உணவிலும் இருக்கிறது என்று சொன்னேன். பாலில், மீனில், முட்டையில், பருப்பில். அது இல்லாவிட்டால் எலும்பு இல்லை, பல் இல்லை. உடம்பிலுள்ள பொசுபரசில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. நாம் உண்பதில் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். 1669 இல் ஹம்பர்க் நகரத்து ஹெனிக் பிராண்ட் பொன் செய்ய எண்ணிச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோதுதான் பொசுபரசு முதன்முதலாக மனிதர் கண்ணில் பட்டது. அவ்வளவு பொசுபரசை அன்றாடம் நாம் சிறுநீரில் கழிக்கிறோம். “அவனுக்குக் கழிக்கிற வாசல் அடைஞ்சு போச்சு காக்கா. உள்ள வந்தது தங்குது. உங்கட கையில ஒரு பிழையும் இல்ல.”

அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்தப் பையனின் கொப்பிக்குள் உணவுப் பட்டியல் ஒன்றிருந்தது. குறைக்க வேண்டியவை: பால்மா, கருவாடு, நெத்தலி, முட்டை மஞ்சட்கரு, சொசேஜ், கோலா. அவனது உம்மா கேட்டதற்காக அதைத் தெளிவாகத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். எழுதியதால் மனப்பாடமாயிற்று. அது எனக்கே வினையாயிற்று.

அடுத்த வருடம் என் இளைய மகள் இரவில் கால் நோகிறது என்று அழத் தொடங்கினாள். பகலெல்லாம் ஓடுவாள். இரவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள். எண்ணெய் தேய்த்தால் உறங்கிவிடுவாள். எனக்கு அந்தப் பையனின் உம்மா சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஊரில் மருந்து எடுக்கப்போனபோது, இரத்தம் சோதிக்க வேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். திருகோணமலை நகரில் இரத்தம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து முடிவை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, கிண்ணியாப் பாலத்தில் வைத்து உறையைப் பிரித்தேன். 2009 இல் அந்தப் பாலம் திறக்கும்வரை நாங்கள் படகுப் பாதையில்தான் கடந்தோம். பாதையென்றால் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். பாலத்தை பஸ் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டது. அதற்குள் நானும் தீர்மானித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பால்மாப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் பிள்ளைக்கு மறித்தேன். கொட்டியாரக் குடாவை வாசலில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்காத வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். வெறும் சோறும் பூசணிக்காயும்.

மனைவி முதல்நாளே கேட்டாள்: “இஞ்ச பாருங்க, பால் குடிக்கிற புள்ளைக்குப் பால மறிச்சா மறுகா என்னத்தக் குடுக்கிற? டொக்டர்கிட்டக் காட்டாம நீங்களாப் பாத்துச் சொல்ற ஒரு கதையா?”

எண்ணைக் காட்டினேன். அவளால் எண்ணோடு வாதாட முடியவில்லை. எண்ணைக் காட்டி வாயடைப்பது வாத்திமார் எல்லாருக்கும் கைவந்த வேலை. மாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிறகு செய்ததைப் பின்னர் சொல்கிறேன்.

பிள்ளை வைத்தியரைப் பார்க்க எங்களுக்கு இலக்கம் கிடைத்தது பத்தொன்பதாம் நாள். அவர் முதலில் கடதாசியைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். நடக்கச் சொன்னார். முழங்காலை, மணிக்கட்டை, விலா எலும்புகளைத் தொட்டுப் பார்த்தார். உயரம் அளந்தார், நிறுத்தார். இரத்த அமுக்கம் பார்த்தார். பிறகுதான் கடதாசியை விரித்தார்.

“மாஸ்டர், இந்த 4.5 எண்ட அளவு யாருக்கு?”

எனக்கு விளங்கவில்லை.

“உங்களுக்கும் எனக்கும். பிள்ளைக்கு இல்ல.”

கடதாசியின் பின்பக்கத்தில் எழுதினார். பிறந்து ஐந்து மாதம் வரை 5.2 முதல் 8.4. ஒரு வயது முடியும்வரை 5.0 முதல் 7.8. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 4.5 முதல் 6.5. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 3.6 முதல் 5.8. பதின்மூன்றிலிருந்துதான் நம்மைப்போல 2.3 முதல் 4.5. எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது கூடிக் குறையும், வயதோடு இறங்கிவரும் என்பது மட்டும் மாறாது. சில கடதாசிகளில் மில்லிமோல் கணக்கில் இருக்கும். என் மகளின் 5.9 அங்கே 1.9 என்று வரும். அலகைப் பார்க்காமல் இரண்டு கடதாசிகளை ஒப்பிட்டால் அதுவும் வீண் கலவரம்தான்.

வளரும் பிள்ளைக்கு எலும்பு கட்டப் பொசுபரசு வேண்டும். அதனால் பிள்ளையின் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் மறித்து வைத்துக்கொள்கிறது. வளர்ச்சி ஓமோன்களின் கட்டளை அது. வீடு கட்டுகிறவன் முற்றத்தில் கல்லும் மணலும் குவிந்து கிடப்பதுபோல. கட்டி முடிந்த வீட்டின் முற்றத்தோடு அதை ஒப்பிட்டு, இங்கே கல் அதிகம் என்று சொன்னால் எப்படி? அல்கலைன் பொசுபற்றேசு என்ற இன்னொரு சோதனையும் வளரும் பிள்ளைகளுக்கு உயர்ந்துதான் இருக்கும். அதையும் பார்த்து எத்தனையோ தாய் தகப்பன்மார் பதறியிருக்கிறார்களாம்.

இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, உடனே சோதித்தார்களா என்றும் கேட்டார். குழாயில் நெடுநேரம் கிடந்தால், அல்லது எடுக்கும்போது பிள்ளை திமிறிச் செங்கலங்கள் உடைந்தால், கலங்களுக்குள் இருக்கும் பொசுபேற்று வெளியே கசிந்து எண்ணை உயர்த்திவிடும். உடம்பில் இல்லாத உயர்வு குழாயில் வந்துவிடும். வெயிலில், தூர இடத்திலிருந்து வரும் மாதிரிகளில் இதை நினைவில் வைக்க வேண்டும் என்றார். சந்தேகம் வந்தால் மருந்து எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

பிறகு அவர் சொன்ன ஒன்று என்னை இன்னும் உலுக்கியது. “எச் போட்ட தாளுக்குப் பயந்தீங்க. எச் போடாத தாளும் பொய் சொல்லும், மாஸ்டர். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு 3 எண்டு வந்தா, இந்த ஆய்வுகூடம் சாதாரணம் எண்டு அச்சடிச்சுக் குடுக்கும். அந்த வயசுக்கு அது குறைவு. கால் வளையிற பிள்ளையா இருந்தா, நோய் அந்த எண்ணுக்குள்ளதான் ஒளிச்சிருக்கும்.”

என் மகளுக்குச் சிறுநீரகச் சோதனை சரி. கல்சியம் சரி. இரத்த அமுக்கம் சரி. இரவுக் கால்நோவு வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு வந்துபோகும் நோவு. அவர் கிளினிக் கொப்பியின் வளர்ச்சி வரைபடத்தைப் புரட்டினார். நான்கு வருடமும் மேல்நோக்கிப் போன கோட்டின் நுனியில் அன்றைய நிறையைப் புள்ளியிட்டார். முதன்முறையாகக் கோடு கீழே வளைந்தது. நானூறு கிராம். அந்தப் புள்ளியை நோய் இடவில்லை. நான் இட்டேன்.

“என்ன மருந்து சேர்?” என்று மனைவி கேட்டாள்.

“பால்.”

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது எனக்குப் பயிற்சிக் கலாசாலை நாட்கள் நினைவுக்கு வந்தன. பிள்ளை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதன் அல்ல என்று முதல் வருடமே எழுதிப் படித்தோம். வயதுக்கேற்ற பாடம், வயதுக்கேற்ற அளவீடு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கினோம். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சைத் தாளைக் கொடுத்து எவனாவது சித்தியில்லை என்று சொன்னால் அவனை வாத்தியென்று சொல்வோமா? பிள்ளைகளின் நோய்களைப் பெரியவர்களின் நோய்களிலிருந்து பிரித்துத் தனி நூலாக எழுதியவர் அர்-ராஸி. அவர் காலம் 865 முதல் 925 வரை. ஆயிரம் வருடத்துக்கு மேலாயிற்று. அச்சுக் கடதாசி இன்னும் எல்லா வயதுக்கும் ஒரே அளவை அடித்துத் தருகிறது. நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “நான் அஸருக்கு மறுகா ஒவ்வொரு நாளும் அரைக் கோப்பை குடுத்துக்கொண்டுதான் வந்த, மகன். அல்லாஹ் மன்னிக்கணும், உங்களுக்கு மறைச்சுப் போட்டன்” என்றார். பத்தொன்பது நாளில் அந்த வீட்டில் சரியான வைத்தியம் செய்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஒருவர்தான்.

அப்படியானால் பொசுபரசு உயர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று நான் எழுதிவிட்டுப் போக முடியாது. என் வகுப்பில் அந்தப் பையன் இருக்கிறான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதுக்குரிய மேல் எல்லை 5.8. அவனது எண் ஒருமுறை 6.4, மூன்று மாதத்தில் 6.7, பிறகு 6.9. இந்த ஏறுமுகத்தைத்தான் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டிகளில் ஒன்றான கே.டி.ஐ.ஜி.ஓ. 2017 இல் வெளியிட்ட திருத்தமும் இதையே சொல்கிறது: தொடர்ந்து உயர்ந்து நிற்கும், அல்லது ஏறிக்கொண்டே போகும் பொசுபேற்றுக்கே சிகிச்சை. ஒரு தடவை வந்த ஓர் எண்ணுக்கு அல்ல. அதோடு கல்சியம், பராதைரொயிட் ஓமோன், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தங்கிய பொசுபரசு சும்மா இருப்பதில்லை. கல்சியத்தை இழுக்கிறது. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பி பதறி, எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. எலும்பு மெலிந்து வளைகிறது, உயரம் நின்றுவிடுகிறது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் உயரத்தில் அவன் நின்றதற்கும் இரவில் கால் வலித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பாகப் படியும். பிள்ளை வயதிலேயே தொடங்கும் இந்தப் படிவு, பிற்காலத்தில் இதயத்தைத் தாக்கும். இவ்வளவும் வலியில்லாமல் நடக்கும். அதனால்தான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

திடீரென்று உயர்வதும் உண்டு. சொறி சிரங்கு புழுத்து, சில கிழமை கழித்து முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்து வரும் பிள்ளைகளை நம் ஊர்களில் கண்டிருப்பீர்கள். சிறுநீரகம் சில நாள் வேலை நிறுத்தம் செய்யும், பொசுபரசு ஏறும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் தேறியதும் அதுவும் தானாக இறங்கிவிடும். மலம் போகவென்று பின்வழியால் ஏற்றும் பொசுபேற்று மருந்தை வைத்தியர் சொல்லாமல் சிறு பிள்ளைக்குக் கொடுத்தால் பொசுபரசு ஒரேயடியாக ஏறி, கல்சியம் விழுந்து, கை கால் இழுத்து வலிப்பே வரலாம். அது காத்திருக்கும் காரியம் அல்ல, உடனே ஆஸ்பத்திரி.

என் மாணவனுக்கு முதல் சிகிச்சை உணவுதான். ஆனால் நான் மகளுக்குச் செய்ததுபோல எல்லாவற்றையும் வெட்டி எறிவது அல்ல. அப்படிச் செய்தால் வளர்ச்சி இன்னும் நிற்கும். எதை வெட்டுவது என்று தெரிந்து வெட்ட வேண்டும். பருப்பிலும் கடலையிலும் உள்ள பொசுபரசு பைற்றேற்று என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியம் மனிதக் குடலில் இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் சேரும். மீனிலும் இறைச்சியிலும் உள்ளது அதைவிடக் கூடுதலாகச் சேரும். பதனிட்ட உணவில் சேர்க்கும் பொசுபேற்று உப்புக்களோ ஏறத்தாழ முழுவதும் சேர்ந்துவிடும். ஆகவே முதலில் விலக்க வேண்டியது கடையில் விற்கும் பைகளையும் போத்தல்களையும்தான்.

ஒரு நாள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் வெற்று உணவுப் பைகளைக் கொண்டுவரச் சொன்னேன். 338, 339, 340, 341, 450, 451, 452 என்று ஏழு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். சேர்மானப் பட்டியலில் இவற்றைக் கண்டுபிடித்தால் அது பொசுபேற்று. கோலாவில் 338 அகப்பட்டது. சொசேஜ் உறையில் 451. அந்தப் பையன்தான் அதிகம் கண்டுபிடித்தான். அன்று முதல் அவன் ஊர்க் கடைகளில் உறைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவானாம். கடைக்காரர் ஒருவர் என்னிடம் முறைப்பட்டார்.

இரண்டாவது, மாத்திரை. அங்கேதான் இன்னொரு பிழை நடந்தது. ஒருநாள் வகுப்பறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வெள்ளையாகச் சிதறிக் கிடந்ததைக் கண்டேன். வெண்கட்டித் துண்டு என்று குனிந்து எடுத்தேன். மாத்திரை. பத்துப் பன்னிரண்டு கிடந்தன.

“சுண்ணாம்பு மாதிரி ஈக்கி சேர். எல்லாரும் பாக்காங்க. தீனி நேரத்துல குளுசை திங்கிறவன் எண்டு பட்டம் வச்சிரிக்காங்க.”

அவன் சொன்னது சரிதான். அது சுண்ணாம்புதான். கல்சியம் காபனேற்று. நம் கடற்கரைச் சிப்பியும் முட்டையோடும் ஆன அதே பொருள். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றால், குடலிலேயே பொசுபேற்றைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். வெறும் வயிற்றில் தின்றால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கல்சியம் மட்டும் இரத்தத்தில் ஏறும். அதுவும் மிஞ்சினால் குழாய்களில் படியும் சுண்ணாம்புக்கு உதவியாகிவிடும். அதனால்தான் பிள்ளைகளுக்குக் கல்சியம் எவ்வளவு என்று பார்த்தே மருந்தைத் தெரிவு செய்கிறார்கள். கல்சியம் கூடியிருந்தால் செவலமர் போன்ற கல்சியம் இல்லாத மருந்து. ஒரு காலத்தில் அலுமினிய மருந்துகள் கொடுத்தார்கள். அலுமினியம் பிள்ளைகளின் மூளையிலும் எலும்பிலும் தங்கிக் கெடுதல் செய்வது தெரிந்த பிறகு நீண்டகாலத்துக்குக் கொடுப்பதை விட்டார்கள்.

மாத்திரை எல்லாம் பாடசாலைச் சாப்பாட்டு நேரத்துக்கு உரியவை. வீட்டில் உம்மா பார்த்துக்கொண்டார். என் கண்முன் நடக்கும் ஒரு வேளையை நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் என் மேசையில் என்னோடு சாப்பிடுகிறான். நானும் என் பிறஷர் குளுசையைக் காலையிலிருந்து அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன், வைத்தியரிடம் கேட்டுத்தான். இரண்டு பேரும் ஒன்றாக பிஸ்மில் சொல்லி விழுங்குகிறோம். இப்போது பட்டம் எனக்கும் சேர்த்துத்தான்.

நோன்பு வந்தபோது அவன் யாருக்கும் சொல்லாமல் ஒரு நோன்பு பிடித்துவிட்டான். சஹருக்கு எழும்பாமல், தண்ணீர் குடிக்காமல், மாத்திரையும் இல்லாமல். அஸருக்கு முன் தலைசுற்றி விழுந்தான். கதீப் வந்து பக்கத்தில் இருந்து சொன்னார்: நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையைக் கொடுத்தவனும் நோன்பைக் கடமையாக்கியவனும் ஒருவன்தான் மனே. அவன் தந்ததைத் தள்ளிவிட்டு அவனுக்கே வணக்கம் செய்ய ஏலாது. பையன் கேட்டுக்கொண்டான். எனக்கும் அது வேண்டியிருந்தது.

உணவும் மாத்திரையும் அவன் நோயைக் குணப்படுத்தப்போவதில்லை. சிறுநீரகம் முற்றாக நின்றால் இரத்தச் சுத்திகரிப்பு, அதன் பின் மாற்றுச் சிறுநீரகம். அவனது உம்மா தன்னுடையதைக் கொடுக்கச் சோதனைகள் செய்துகொண்டிருக்கிறார். அந்த நாள் வரும்போது எலும்பும் இதயமும் கெடாமல் இருக்க வேண்டும். மாத்திரை அதற்குத்தான்.

போன மாதம் அவன் புதிய கடதாசியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். 5.6. பக்கத்தில் வழக்கம்போல எச். நான் முதலில் மேலே போய் வயதைப் பார்த்தேன். பன்னிரண்டு.

“பாஸா சேர்?”

“பாஸ் மனே.”

அவன் சிரித்தான். முன்பற்கள் சிறிது மஞ்சள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறான் போலவும் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வருகிற முஹர்ரம் கழிந்தால் அவனுக்குப் பதின்மூன்று. அன்று முதல் மேல் எல்லை 4.5. இதே 5.6 அன்றைக்குப் பாஸ் இல்லை. அதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வைத்தியர் சொல்லுவார். மாத்திரை கூடும், சாப்பாடு இன்னும் இறுகும். வயது ஏறினால் பரீட்சையும் ஏறத்தான் செய்யும். அதுவரைக்கும் அவன் இந்த ஒரு பாஸை வீட்டுக்குக் கொண்டுபோய் வாப்பாவிடம் காட்டட்டும்.

காட்டியிருக்கிறான். மறுநாள் காலையில் அவனது வாப்பா சைக்கிளில் பாடசாலை வாசல்வரை அவனைக் கொண்டுவந்து இறக்கினார். தம் கையால் அவனைத் தூக்கித்தான் இறக்கினார்.